கோழி ஈரல் வறுவல்: சிறு செலவில் இரும்புச் சத்து

கோழிக் குழம்பு வைக்கும் நாளில் ஈரலை மட்டும் தனியே எடுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புத் தணலில் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். பிழைப்பிற்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்று தங்கியிருப்போரில் பலர், வீட்டுச் சாப்பாடு என்றவுடன் அந்த மணத்தை நினைவுகூர்வதைக் கேட்கலாம்.

ஆயினும் ஒரு கோழிக்கு ஈரல் ஒன்றே. இரண்டு கிலோ எடையுள்ள கறிக்கோழியில் அது ஏறத்தாழ 40 அல்லது 50 கிராம்தான் இருக்கும். அது யாருக்குப் போய்ச் சேர்கின்றது? ஆண்பிள்ளை இருப்பின் அவனுக்கு. இல்லையேல் குடும்பத் தலைவருக்கு. சமைத்தவளுக்குக் குழம்பே மிஞ்சுகின்றது. இரத்தம் குன்றியிருப்பவளோ பெரும்பாலும் அவளே! 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு.

இக்குறையை ஓரளவு நீக்கும் பண்டம் கறிக்கடையிலேயே இருக்கின்றது. பெரும்பாலான கடைகளில் ஈரல் தனியாகவும், கறியைவிட மலிவாகவும் கிடைக்கும். 100 கிராம் பச்சை ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பும் 17 கிராம் புரதமும் உள்ளன. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. கீரையிலும் இரும்பு உண்டெனினும், ஈரலின் இரும்பையே உடல் எளிதில் ஏற்கின்றது. ஈரலோடு கீரையையும் சேர்த்து உண்டால் கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும்.

நால்வருக்குக் கால் கிலோ ஈரல் போதும். அதில் பச்சை நிறக் கறை படிந்த பகுதி இருப்பின் அது பித்தநீர் பட்ட இடம், வெட்டி எறிந்துவிடுக. இல்லையேல் வறுவல் முழுவதும் கசக்கும். துண்டுகளை மஞ்சள் நீரில் மெல்ல அலசி வடிகட்ட வேண்டும். வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும் தட்டிய இஞ்சி பூண்டும் சேர்த்து வதக்குக. பின்னர் ஈரலைப் போட்டு, நீர் விடாமல், மூடி வைத்துச் சிறு தீயில் வேகவிடுக. அதிலிருந்தே நீர் கசியும். அந்நீர் சுண்டியதும், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் பொடித்துத் தூவி, உப்பிட்டுப் பிரட்டி இறக்குக. முதலிலேயே உப்பிட்டால் ஈரல் இறுகிவிடும் என்பது சமையலறிந்த பெண்டிர் கூற்று. பத்து நிமிட வேலைதான். அதிக நேரம் வறுத்தால் ரப்பர்போல் ஆகும். ஆனால் மெதுவாக இருக்கட்டும் என்று அரைவேக்காட்டில் இறக்குதல் கூடாது. கோழி ஈரலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு துண்டை இரண்டாக வெட்டிப் பார்த்து, நடுவில் சிவப்பு அறவே இல்லையெனில் பதம் சரி.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈரல் மிக நல்லதென்று எண்ணி அடிக்கடி ஊட்டுவோர் உளர். இது தவறு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். அது அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு நேரும். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளை உண்பதே தக்கது. மூட்டுகளில் யூரிக் அமில நோய் உடையவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஏனையோருக்கு வாரத்தில் ஒரு முறை, ஆளுக்கு 60 கிராம் அளவு போதுமானது.

ஈரல் விரைவில் கெடும் பொருள். கறிக்கடையில் அதைப் பனிக்கட்டியின் மேல் வைத்திருக்கின்றனரா, ஈ மொய்க்காமல் மூடியுள்ளனரா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நேரில் சென்று கவனித்தல் நலம். வாங்கியதை அன்றே சமைத்து, சூடாக, கம்பங்களியுடனோ சோற்றுடனோ பரிமாறலாம். பங்கிடும்போது சமைத்தவளின் தட்டிலும், வயதுக்கு வந்த மகளின் தட்டிலும் முதலில் வைக்க வேண்டும்.