ஆலைக்குப் பூட்டு, மண்ணுக்கு விலை

புதுதில்லி: ஆலை வாயில்களில் ஒட்டப்படும் மூடல் அறிவிப்புகளில் காணப்படும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொடர் நஷ்டம், சந்தையில் தேக்கம், பழைய எந்திரங்கள், ஊதியச் சுமை, தொழிலாளர்களின் ஒழுங்கின்மை. இவற்றில் எதுவும் முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், பூட்டு விழுந்து பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் அந்த இடத்தில் என்ன நிற்கிறது, அதன் விலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், அறிவிப்பில் எழுதப்படாத காரணமும் தெரியவரும். மும்பையின் பஞ்சாலைகள், மேற்கு வங்கத்தின் உத்தரபாரா, புணே அருகேயுள்ள தலேகாவ் ஆகிய மூன்று இடங்களின் கதையும் அதைத்தான் சொல்கிறது.

600 ஏக்கர்

1854-ல் காவஸ்ஜி நானாபாய் தவார் மும்பையின் முதல் நூற்பாலை நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி பகுதிகள் புகைபோக்கிகளின் காடாயின. கொங்கண், சதாரா மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் அப்பகுதியை 'கிரண்காவ்' என்றழைத்தனர். ஆலைகளின் ஊர் என்பது அதன் பொருள்.

1982 ஜனவரி 18-ம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு, 'பத்லி' எனப்படும் மாற்றுத் தொழிலாளர்களுக்குப் பணி நிரந்தரம் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். ஒரு தொழிலுக்கு ஒரே சங்கத்தை மட்டும் அங்கீகரித்த 1946-ம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம் நீக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. ஓராண்டைக் கடந்தும் நீடித்த அந்தப் போராட்டம் முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் வேலைக்குத் திரும்ப இயலவில்லை.

மும்பை ஆலைகளைக் கொன்றது வேலைநிறுத்தமே என்பது இன்றளவும் பரவலாக நம்பப்படும் கூற்று. வேலைநிறுத்தம் ஆலைகளைப் பலவீனப்படுத்தியது உண்மை. ஆனால், அதற்கு முன்பே பல முதலாளிகள் ஆலையில் ஈட்டிய லாபத்தை எந்திரங்களைப் புதுப்பிப்பதில் செலவிடாமல் வேறு தொழில்களுக்குத் திருப்பிவிட்டிருந்தனர். நெசவு வேலை பிவண்டியின் விசைத்தறிகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. அங்கே சங்கம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. எட்டு மணி நேர வரம்பும் இல்லை. போராட்ட மாதங்களில் அந்தப் போக்கு விரைவு பெற்றது. ஆலைக்குள் துணி நெய்யாமலேயே ஆலையின் பெயரில் துணி விற்க முடியும் என்பதை முதலாளிகள் அப்போது கண்டுகொண்டனர். 1985-ல் மத்திய அரசு வெளியிட்ட ஜவுளிக் கொள்கையும் ஆலை, விசைத்தறி, கைத்தறி என்ற வேறுபாட்டைத் தளர்த்தி அந்தப் பாதைக்கு வழிவிட்டது.

எஞ்சியிருந்தது நிலம். 58 ஆலைகளிடம் மொத்தம் சுமார் 600 ஏக்கர். நகரின் நடுவில் அவ்வளவு நிலம் வேறு எவரிடமும் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு

அந்த நிலத்தைத் தொட 1991 வரை முதலாளிகளுக்கு எளிதான வழி இருக்கவில்லை. அவ்வாண்டு மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 கதவைத் திறந்தது. ஆலை நிலத்தை முழுமையாக மறுமேம்பாடு செய்வதாயின் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு பொதுக் குடியிருப்புக்காக மாநில வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதம் உரிமையாளருக்கு. விற்பனைப் பணம் தொழிலாளர் பாக்கிக்கும் ஆலையின் புத்துயிர்ப்புக்கும் பயன்பட வேண்டும் என்பது விதியின் நோக்கம்.

காகிதத்தில் நியாயமாகத் தோன்றிய ஏற்பாடு இது. 2001-ல் அந்த விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பங்கீடு பொருந்தும் என்றாயிற்று. ஆலை வளாகங்களில் கட்டடம் இல்லாத இடம் சொற்பம். ஆகவே நகரத்துக்கும் எளியோருக்கும் வரவேண்டிய மூன்றில் இரண்டு பங்கு சிறு துண்டுகளாகச் சுருங்கிப் போயிற்று. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2005-ல் மனுதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7-ம் தேதி உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் திருத்தத்தை உறுதி செய்தது.

அதற்குள் சந்தை தன் கணக்கைத் தொடங்கிவிட்டிருந்தது. 2005-ல் பொதுத்துறை நிறுவனமான தேசிய ஜவுளிக் கழகம் மும்பையிலிருந்த தன் ஐந்து ஆலைகளின் நிலத்தைச் சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு விற்றது. அவற்றுள் ஒன்றான லோயர் பரேல் பகுதியின் மும்பை டெக்ஸ்டைல் ஆலை நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்கு டி.எல்.எஃப். கூட்டணியின் கைக்குப் போயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, 2012-ல், அதே நிலத்தை லோதா நிறுவனம் வாங்கிய விலை 2,727 கோடி ரூபாய். இடைப்பட்ட காலத்தில் அங்கே ஒரு முழத் துணிகூட நெய்யப்படவில்லை. 1879-ல் தொடங்கப்பட்ட பாம்பே டையிங் நிறுவனம் 2023-ல் வொர்லியில் தன் 22 ஏக்கர் நிலத்தை ஜப்பானிய சுமிடோமோ குழுமத்துக்கு விற்க ஒப்புக்கொண்டபோது விலை 5,200 கோடி ரூபாயாக இருந்தது.

தொழிலாளர்களுக்குக் கிடைத்தது என்ன? வீடு கேட்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2012 ஜூனில் நடந்த குலுக்கலில் 6,925 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2020 மார்ச்சில் 3,894 வீடுகள். முதல் தொகுதி வீடுகள் ஒவ்வொன்றும் 225 சதுர அடி; விலை ஏழரை லட்சம் ரூபாய். 1982-ல் முப்பது வயதில் வேலையிழந்தவருக்கு முதல் குலுக்கல் நடந்தபோது வயது அறுபது. பல விண்ணப்பங்களில் தொழிலாளியின் பெயருக்குக் கீழே வாரிசின் பெயர் இடம்பெற்றது.

மூடாமல் மூடும் வித்தை

கொல்கத்தாவின் வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாரா. 1948 முதல் அங்கே இயங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலைக்காக ஒரு ரயில் நிலையமே 'ஹிந்த் மோட்டார்' என்ற பெயரைப் பெற்றது. அமைச்சர்களின் வாகனமாகவும் சாமானியரின் வாடகை வண்டியாகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடர் அங்கிருந்துதான் வந்தது.

1980-களில் மாருதி வந்தபின் அம்பாசடரின் சந்தை சரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், சரிவு தொடங்கியபின் நிர்வாகத்துக்குப் புதிய வாகனத்தை உருவாக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தன. 2007-ல் ஆலை வளாகத்தின் 314 ஏக்கர் நிலம் வீட்டுமனை நிறுவனம் ஒன்றுக்கு 285 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின், 2014 மே 24-ம் தேதி, வேலைக்கு வந்த தொழிலாளர்கள் வாயிலில் கண்டது பணி நிறுத்திவைப்பு அறிவிப்பு. சுமார் 2,500 பேரின் வேலை அன்றோடு நின்றது. 2017-ல் 'அம்பாசடர்' என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது அறிவிப்பின் சொல். 'மூடல்' என்று சொன்னால் சட்டப்படி அரசின் முன் அனுமதி வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். 'பணி நிறுத்திவைப்பு' என்று சொன்னால் அக்கடமை உடனடியாக எழுவதில்லை. ஆலை திறந்தும் இல்லை, மூடியும் இல்லை என்ற நிலையில் தொழிலாளி காத்திருக்கிறார். காத்திருப்பு நீள நீள, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையொப்பமிட அவர் இசைவது எளிதாகிறது. வங்கத்தின் சணல் ஆலைகளிலும் பன்னெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம் இது.

டெட்ராய்ட்டில் எழுதப்பட்ட தீர்ப்பு

மூன்றாவது வகை மூடலில் நிலமும் முதன்மையன்று. உள்ளூர் நஷ்டமும் முழுக் காரணமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குஜராத்தின் ஹலோல் ஆலையை 2017 ஏப்ரலில் மூடியது. அடுத்த மாதமே இந்தியச் சந்தையை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. 2008-ல் திறக்கப்பட்ட தலேகாவ் ஆலை ஏற்றுமதிக்காக மட்டும் சிறிது காலம் ஓடி, 2020 டிசம்பரில் நின்றது.

இந்தியாவில் அந்நிறுவனம் சந்தையைப் பிடிக்கவில்லை என்பது மெய். ஆயினும் அதே 2017-ல் அது ஐரோப்பாவின் ஓப்பல் நிறுவனத்தை விற்றது; தென்னாப்பிரிக்காவிலிருந்து விலகியது; ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை நிறுத்தியது. நான்கு கண்டங்களின் தொழிலாளர்கள் ஒரே ஆண்டில் ஒரேபோல் திறமை குன்றிவிட்டனர் என்று யாரும் வாதிட மாட்டார்கள். முதலீட்டின் மீது போதிய வருவாய் தராத நாடுகளை உதறி, பங்குதாரர்களுக்கு ஆதாயம் தரும் நாடுகளில் மூலதனத்தைக் குவிப்பது என்ற முடிவு தலைமையகத்தில் எடுக்கப்பட்டது. தலேகாவ் அதில் ஒரு வரி மட்டுமே.

அந்த ஆலையின் நிலம், கட்டடங்கள், சில எந்திரங்கள் ஆகியவற்றை வாங்கும் ஒப்பந்தத்தில் ஹூண்டாய் 2023 ஆகஸ்டில் கையெழுத்திட்டது. சொத்துகள் கைமாறின, பழைய தொழிலாளர்களின் வேலை அவற்றோடு கைமாறவில்லை. இது தவிர்க்க முடியாத விதியா என்றால், இல்லை. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் சானந்த், மறைமலை நகர் ஆலைகளில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவர் என்று கூறப்பட்டது. சானந்த் ஆலையை 2022-ல் டாடா குழுமம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டபோது, அங்கு பணியாற்றிய தகுதியுள்ள தொழிலாளர்களை ஏற்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. வாகன உற்பத்திப் பிரிவைப் பொறுத்தவரை ஆலையும் ஆளும் சேர்ந்தே மாறினர். அரசு முத்தரப்பு ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக அமர்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சட்டம் நகரும் திசை

ஆலை மூடலுக்கு அரசின் அனுமதி தேவை என்ற விதி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 300 பேருக்கு மேற்பட்ட ஆலைகளுக்காகத் தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மூடல் தொடர்பான பிரிவை 1978-ல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. 1982-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தது. வரம்பும் 100 பேராகக் குறைக்கப்பட்டது. 2020-ல் நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வரம்பை மறுபடியும் 300 ஆக்கியுள்ளது. அதை மேலும் உயர்த்தும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்துள்ளது. ஆக, 100 முதல் 299 பேர் வேலை செய்யும் ஆலைகளை மூட இனி முன் அனுமதி தேவையில்லை.

மூடுவது எளிதானால்தான் திறப்பதற்கு முதலாளிகள் முன்வருவர் என்பது இத்திருத்தத்தை ஆதரிப்போரின் வாதம். நலிந்த ஆலையில் மூலதனத்தைச் சிறைவைப்பதால் எவருக்கும் நன்மையில்லை என்ற அவர்களின் கூற்றில் பொருளுண்டு. மேற்கண்ட மூன்று இடங்களிலும் அனுமதி விதி இருந்தும் வேலை காக்கப்படவில்லை என்பதும் உண்மையே. ஆனால், அனுமதி கேட்க வேண்டிய கட்டாயமே முதலாளியைப் பேச்சு மேசைக்கு இழுத்து வருகிறது. அது இல்லாவிடில் தொழிலாளியின் கையில் எஞ்சுவது இழப்பீட்டுக் கணக்கு மட்டுமே.

நலிந்த ஆலை உண்டு, நலிந்த முதலாளி இல்லை என்பது தொழிற்சங்க மேடைகளில் நெடுங்காலமாகக் கேட்கும் பேச்சு. அதன் உண்மையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூடல் கோரும் நிறுவனம், ஆலை நிலத்தை அடுத்து என்ன செய்யவிருக்கிறது என்பதையும், கடந்த பத்தாண்டுகளில் லாபம் எங்கே போயிற்று என்பதையும், அரசிடம் பெற்ற சலுகைகள் எவ்வளவு என்பதையும் விண்ணப்பத்திலேயே வெளியிட வேண்டும் என்று சட்டம் கேட்கலாம். நிலம் விலையேறும்போது அந்த ஏற்றத்தில் தொழிலாளிக்கும் நகரத்துக்கும் பங்கு உண்டென்று விதிக்கலாம். மும்பை 1991-ல் அப்படித்தான் விதித்தது. பத்தே ஆண்டுகளில் அந்த விதி எவ்வளவு அமைதியாகக் கரைந்தது என்பதை எண்ணினால், விதியை எழுதுவதைவிட அதைக் காப்பதே கடினம் என்பது புலப்படும்.