நான்சிக்குப் போன செவெரீனோ

பிரான்சின் வடகிழக்கில் உள்ள நான்சி நகரில் உலகப் பல்கலைக்கழக நாடக விழா 1963-இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் சட்டம் படித்த ஓர் இளைஞர். பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரான ஜாக் லாங்தான் அவர். 1966-இல் அந்த விழாவுக்கு பிரேசிலின் சாவோ பாவ்லோ கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். போர்த்துகீசிய மொழியில் ஒரு கவிதை நாடகத்தை நடத்தி, முதல் பரிசோடு ஊர் திரும்பினார்கள்.

நாடகத்தின் பெயர் ‘மோர்த்தி இ வீதா செவெரீனா’. ஜுவாவ் கப்ரால் டி மெலோ நெட்டோ எழுதி 1956-இல் வெளிவந்த நீள்கவிதை இது. பெர்னாம்புகோ மாநிலத்தின் வறண்ட உள்நாட்டிலிருந்து செவெரீனோ என்ற ஏழை பிழைப்புத் தேடிக் கிளம்புகிறான். கபிபரிபி ஆற்றையே வழித்துணையாகக் கொண்டு கடற்கரை நகரமான ரெசிஃபி நோக்கி நடக்கிறான். வழியெல்லாம் சாவு. வேலை கேட்டால், இறந்தவர்களுக்கு ஜெபம் சொல்லும் பெண்ணொருத்தி, இந்த ஊரில் சாவை நம்பிய தொழில்தான் நடக்கும் என்கிறாள். கரும்புக் காட்டில் கூலி ஒருவனைப் புதைக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவனுக்குக் கிடைக்காத நிலம், குழியின் அளவுக்கு இப்போது கிடைத்துவிட்டது என்று நண்பர்கள் பாடுகிறார்கள்.

இதை 1965-இல் மேடையேற்ற நெஞ்சுரம் வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நிலம் கேட்டுத் திரண்ட பெர்னாம்புகோவின் விவசாயச் சங்கங்களை நசுக்கி, அவற்றின் தலைவர் பிரான்சிஸ்கோ ஜூலியாவோவைச் சிறையில் தள்ளியிருந்தது. அந்தச் சூழலில்தான் பல்கலைக்கழகத்தின் புதிய அரங்கமான ‘துகா’ திறக்கப்பட்டது. திறப்பு விழா நாடகமாக மாணவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த ஏழையின் கதையை! இயக்கியவர் சில்னேய் சிக்கெய்ரா.

இசைக்கு அவர்கள் பிடித்துவந்த ஆள் சிக்கோ புவார்க்கி. அப்போது வயது 21. கட்டடக் கலை படிக்கப் போய், பாட்டில் விழுந்தவர். நாடு முழுக்கப் பெயர் தெரியாத காலம் அது. கவிஞரோ இசை என்றாலே முகம் சுளிப்பவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் புவார்க்கி சொற்களை மெட்டுக்குள் அடக்கிவிடவில்லை. கவிதையின் நடைக்கே மெட்டு ஒதுங்கி வழிவிடுகிறது. கவிஞரும் பின்னர் அந்த இசையை மனமார ஏற்றுக்கொண்டார்.

கடைசிக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். ஆற்றில் விழுந்து செத்துவிடலாமா என்று செவெரீனோ நிற்கும் இடத்தில், சேற்றுக் குடிசை ஒன்றில் ஒரு பிள்ளை பிறக்கிறது. பிள்ளையின் அப்பா தச்சர், பெயர் யோசேப்பு. அக்கம்பக்கத்தார் சீர் கொண்டு வருகிறார்கள்: சேற்றில் பிடித்த நண்டு, போர்வைக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாள், களிமண் பொம்மை. கொடுக்க வேறொன்றும் இல்லாத ஒருத்தி, தன் பிள்ளைக்குச் சுரக்கும் பாலில் பங்கு தருகிறாள். கிறிஸ்து பிறப்பு நாடகம் பார்த்து வளர்ந்த ஐரோப்பியருக்கு இந்தக் காட்சி புரிய மொழி எதற்கு?

நான்சியிலிருந்து குழு பாரிசுக்குப் போனது. பின்பு, சலாசாரின் சர்வாதிகாரத்தில் இருந்த போர்ச்சுகலிலும் நடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ‘ஆ பண்டா’ பாடலால் புவார்க்கி நாடறிந்த பாடகரானார். துகா அரங்கம் 1984-இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டது.

வெளிநாட்டு விழா என்றதும் வெளிநாட்டாருக்குப் பிடித்ததைத் தேடி ஓடும் குழுக்கள் உண்டு. இந்த மாணவர்கள் தங்கள் நாட்டின் மிக வறண்ட மூலையிலிருந்து கதை எடுத்தார்கள். அவர்கள் வென்றதற்கு முதல் காரணம் அந்தத் தேர்வு என்றே சொல்ல வேண்டும். கூலியின் அடக்கக் காட்சிப் பாட்டு, ‘ஃபுனெரால் ஜி உம் லவ்ரடோர்’, புவார்க்கியின் குரலிலேயே பதிவாகியிருக்கிறது. போர்த்துகீசியம் தெரியாவிட்டாலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.