ஆமைக்கு முன்னால் வடிகட்டி வரட்டும்

பினாங்கில் பல வீடுகளில் வளர்க்கப்படும் பச்சை நிற ஆமைக் குஞ்சு, பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள செங்காது ஆமையாகும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி இதன் தாயகம். குஞ்சாக இருக்கும்போது ஓடு சுமார் 3 சென்டிமீட்டர்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்க, பெற்றோரும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட ஒரு சிறிய தட்டும் வீட்டுக்கு வருகிறது. சில வாரங்களில் ஆமை கண் வீங்கி, தீனி உண்ணாமல் இறந்துபோனால், “அதற்கு ஆயுள் அவ்வளவுதான்” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உண்மையில், நன்கு பராமரித்தால் இது 30 ஆண்டுகள் வரைகூட வாழும். குஞ்சைச் சாகடிப்பது பெரும்பாலும் தண்ணீரும் தீனியும்தான்.

மீனைவிட ஆமை அதிகம் கழிவு விடும் பிராணி. அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம். அது கண்ணையும் தோலையும் எரிக்கும். வடிகட்டி என்றால் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை வேறு. பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு, வடிகட்டியை ஓடவிட்ட பிறகே ஆமையைக் கொண்டுவர வேண்டும். ஆமை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், அதுவரை ஓரிரு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

குஞ்சுக்கு 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி தொடக்கத்திற்குப் போதும். தண்ணீர் 30 லிட்டர் என்றால், 60 முதல் 90 லிட்டருக்கான வடிகட்டி வாங்குவது நல்லது. நீரை இழுக்கும் வாயில் பஞ்சு மாட்டாவிட்டால் குஞ்சின் கால் சிக்கிக்கொள்ளும். மின்சாரக் கட்டணத்திற்குப் பயந்து சிலர் இரவில் வடிகட்டியை நிறுத்திவிடுகிறார்கள். பல மணி நேரம் ஓட்டம் நின்றால் பிராணவாயு கிடைக்காமல் அந்த நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். குழாய் நீரிலுள்ள குளோரினும் அவற்றைக் கொல்லும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசினாலே போதும். பளபளவென்று கழுவி வைக்கும் வீட்டில்தான் ஆமை அடிக்கடி நோயில் விழுகிறது!

நம் ஊர் வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படாது. குளிர்சாதன அறையில் மட்டும் தொட்டியை வைக்கக்கூடாது. உடல் முழுவதும் உலரும்படி ஏறி உட்கார ஒரு மேடு வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில், ஓடு உறுதிப்படத் தேவையான புற ஊதாக்கதிர் ஏறக்குறைய இருப்பதில்லை. காலை இளவெயிலில், பாதி நிழலுள்ள அகன்ற பாத்திரத்தில் சிறிது நேரம் விடலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும்.

ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி ஆலயத்தின் ஆமைக் குளத்தில் பக்தர்கள் கங்கோங் கீரை போடுவதைப் பார்த்து, குஞ்சுக்கும் கீரையே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே இருப்பவை பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள். குஞ்சுப் பருவத்தில் இவை பெரும்பாலும் புழு, பூச்சி, மீன் தின்று வளர்பவை. ஆமைக்கென்று தயாரித்த தீவனத்தில், அதன் தலையளவு, நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். கீரையையும் சிறிது போட்டுப் பழக்கலாம். வளர வளர அதுவே முக்கிய உணவாகும். காய்ந்த இறாலை மட்டுமே கொடுப்பதுதான் பெரிய தவறு. வைட்டமின் ‘ஏ’ குறைந்து கண் வீங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்து ஓடு மெலியும். கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் அது கொறித்துக்கொள்ளும். வேறொரு பாத்திரத்தில் வைத்துத் தீனி கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத் தொட்டியில் விட்டால் வடிகட்டியின் சுமை குறையும்.

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அடுப்படித் தொட்டியில் ஆமைப் பாத்திரத்தைக் கழுவக்கூடாது. சால்மொனெல்லா கிருமி குழந்தைகளைத் தாக்கியதால்தான், 1975இல் அமெரிக்கா 4 அங்குலத்திற்குக் குறைவான ஆமைகளை விற்பதைத் தடை செய்தது.

பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அதற்கு 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அந்த நிலையில்தான் சிலர் அதைக் கோயில் குளத்திலோ ஆற்றிலோ விட்டு, புண்ணியம் என்று திருப்திப்படுகிறார்கள். நெரிசலான குளத்தில் அது மற்றவற்றோடு சண்டையிட்டுக் காயப்படும். ஆற்றிலோ உள்நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இடம்பெற்றுள்ளது. வளர்க்க முடியாதவர்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒருவரை, ஆமை உள்ளங்கை அளவைத் தாண்டுமுன்பே தேடத் தொடங்குவது நல்லது.