எட்டு மணித்தியாலத்தை எப்படிப் பங்கு போடுவது?



நோன்புப் பெருநாளைக்குச் சாய்ந்தமருதுக்கு என் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். துபாயில் வேலை செய்யும் அவவின் மகனும் வந்திருந்தான். சிஸ்கோ கம்பெனியின் ஸீ.ஸீ.ஐ.ஈ. என்ற பெரிய சோதனையில் ஒருமுறை தவறி, மறுமுறை சித்தியடைந்தவன். "மாமா, பாடம் தெரியாம இல்ல, நேரந்தான் காணாமப் போச்சு" என்றான். நம் தோட்டப் பிள்ளைகள் சிலரும் கொழும்பில் இந்தப் படிப்புக்குப் போகிறபடியால் அவன் சொன்னதை எழுதுகிறேன்.

இந்தச் சோதனை 1993 இல் தொடங்கியது. அப்போது இரண்டு நாள். 2001 இல் ஒரே நாளாக, எட்டு மணித்தியாலமாக ஆக்கினார்கள். கொம்பியூட்டர்களை இணைக்கும் கருவிகளுக்குக் கட்டளை கொடுத்து, வேலை செய்ய வைத்தே காட்ட வேண்டும். 2020 இலிருந்து முதல் மூன்று மணித்தியாலம் திட்டமிடல், அடுத்த ஐந்து செய்முறை. திட்டமிடலில் கடந்து போன கேள்விக்குத் திரும்ப முடியாது. செய்முறையில் திரும்பலாம்.

முதல் முறை மருமகன் சின்னப் புள்ளிக் கேள்வி ஒன்றில் பிழை தேடி ஒண்டரை மணித்தியாலம் நின்று விட்டான். நிரையில் ஒரே செடியோடு நின்றால் நிறுவைக்குக் கூடை எப்படி நிறையும்?

மறுமுறை, செய்முறைப் பகுதியில் முதல் இருபது நிமிடம் அவன் கட்டளை ஒன்றும் அடிக்கவில்லை. எல்லாக் கேள்வியையும் வாசித்து, எதற்கு எத்தனை புள்ளி, எது எதை நம்பி நிற்கிறது என்று குறித்துக் கொண்டான். இதுதான் முக்கியம். அடியில் இணைப்புச் சரியில்லாவிட்டால் அதற்கு மேலே பாதை காட்டும் வேலை ஒன்றும் நடக்காது. ஆகவே அடியிலிருந்து மேலே போனான். பத்து நிமிடத்தில் பிடிபடாத பிழையைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனான். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு சோதித்துப் பார்த்துச் சேமித்தான். பாதி வேலைக்குப் பாதிப் புள்ளி கிடையாது. அதனால் கடைசி நாற்பது நிமிடத்தில் புதிதாக ஒன்றும் தொடாமல், செய்ததையே திரும்பச் சரி பார்த்தான். கையேடு பார்க்க விடுவார்கள்தான்; ஆனால் அங்கே போய்த் தேடிப் படிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

நம் பிள்ளைகளுக்கு முதற்படி ஸீ.ஸீ.என்.ஏ. அது 120 நிமிடம். அதிலும் திரும்பிப் போக முடியாது. ஆகவே தெரியாத கேள்வியை வெறுமையாக விடாமல் ஏதாவது ஒரு விடையைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். செய்முறைக் கேள்விகள் அதிக நேரம் தின்னும், அதற்கு மிச்சம் பிடித்து வையுங்கள். 2020 இல் இதன் கட்டணம் 300 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 90,000 ரூபா. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இது அறுபத்தாறு பேருக்கும் மேல். தாயின் அத்தனை நாள் உழைப்பை நேரம் பார்க்காமல் விடலாமா?

'பெக்கெட் ட்ரேசர்' என்ற பழகும் மென்பொருளை சிஸ்கோ இலவசமாகத் தருகிறது. கருவி வாங்கத் தேவையில்லை. பழகும்போதே பக்கத்தில் மணிக்கூட்டை வையுங்கள். நேரம் முடிந்ததும், வேலை பாதியில் நின்றாலும், கையை எடுத்துவிட்டு எங்கே நேரம் போனது என்று எழுதிப் பாருங்கள்.