சுவரில் படிந்த புகை: யார் கழுவுவது, யார் காசு கொடுப்பது?

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் தகராறு பெரும்பாலும் ஆணி அடித்த ஓட்டைக்காகவோ உடைந்த குழாய்க்காகவோ வரும். சிகரெட் பிடிப்பவர் குடியிருந்த வீடென்றால் சுவரின் நிறத்துக்காக வரும். காலண்டரைக் கழற்றிய இடத்தில் மட்டும் பழைய வெள்ளை, சுற்றிலும் மங்கிய மஞ்சள். “நீங்க ஊதி ஊதியே சுவரைப் பாழாக்கிட்டீங்க” என்பார் வீட்டுக்காரர். “அஞ்சு வருஷம் ஆச்சு சார், பெயிண்ட் மங்காதா?” என்பார் குடியிருந்தவர். கடைசியில் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையோ அதற்கு மேலோ பிடித்துக்கொள்வார்கள். அதே சுவரில் ஒரு கோட் எமல்ஷன் ஏறும். அடுத்த குடும்பத்தின் கைக்குச் சாவி போகும். போகிறவருக்குப் பணம் நஷ்டம். வருகிறவர் முந்தையவரின் புகையோடு குடியேறுகிறார். கழுவாமலே பெயிண்ட் அடிப்பதுதான் இதில் பெரிய தவறு என்பேன். அதைப் பற்றி இரண்டு தரப்பும் பேசுவதே இல்லை.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உண்டு. அவற்றில் குறைந்தது 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் புகை போய்விடும். தாரும் நிக்கோட்டினும் போகாது. பிசுபிசுப்பான படலமாகச் சுவரிலும் சீலிங்கிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்ளும். இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். சுவரில் படிந்த நிக்கோட்டின் வீட்டுக்குள் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, நைட்ரோசமைன் வகைப் புற்றுநோய்க் காரணிகளை உருவாக்குகிறது என்று 2010-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் காட்டினார்கள். அந்த அமிலத்துக்கு எங்கோ போகவேண்டாம், சமையலறை கேஸ் அடுப்பு எரிவதே போதும். சான் டியாகோவில் நடந்து அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு வாடகைதாரர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. புகைப்பவர்கள் காலி செய்து, சுமார் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்யப்பட்ட வீடுகளில் புகைக்காத குடும்பங்கள் குடியேறின. அப்போதும் சுவரிலும் தூசியிலும் நிக்கோட்டின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல்களிலும் இருந்தது. இது யாருக்கு எவ்வளவு நோயைத் தரும் என்று அளந்து சொல்லும் கட்டத்துக்கு ஆராய்ச்சி இன்னும் வரவில்லை. ஆனால் தரையில் தவழ்ந்து, சுவரைத் தடவி, அதே கையை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

பழியைப் போடும் முன் கறை எதனுடையது என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஊதுவத்தி உண்டு, சாம்பிராணி உண்டு, கொசுவத்திச் சுருள் உண்டு, தாளிப்புப் புகையும் உண்டு. விளக்குக்கும் ஊதுவத்திக்கும் மேலே படிவது கருமை; அந்த இடத்தோடு நின்றுவிடும். அடுப்படிக் கறை எண்ணெய்ப் பிசுக்கு. மழைநீர் கசிந்த கறைக்கு ஓரத்தில் கோடு இருக்கும். சிகரெட் கறை அறை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகப் பரவும், சீலிங்கில் கூடுதலாக. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் பழுப்பாக ஏறும், முகர்ந்தால் பழைய சிகரெட் வாடை அடிக்கும். பூஜை அறைக் கருமைக்கு ‘சிகரெட் சார்ஜ்’ கேட்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இந்தத் துணிச் சோதனையை அவர் கண்ணெதிரே செய்வது நல்லது.

கழுவலாமா கூடாதா என்பதைப் பெயிண்ட்தான் முடிவு செய்யும். ஈரத்துணியில் வெள்ளை மாவு ஒட்டினால் அது டிஸ்டம்பர் அல்லது சுண்ணாம்பு. அதைக் கழுவ முடியாது. நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். எமல்ஷனும் எனாமலும் கழுவலைத் தாங்கும். அரை வாளி வெந்நீரில் அரை டம்ளர் வாஷிங் சோடா (ஆப்ப சோடா அல்ல), பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். தார் வெறும் தண்ணீருக்கு அசையாது, காரத்துக்குத்தான் இளகும். முதலில் சீலிங். சுவருக்கு வந்தால் கீழிருந்து மேலே போக வேண்டும்: மேலே தொடங்கினால் பழுப்புத் தண்ணீர் காய்ந்த அழுக்கின் மேல் வழிந்து கோடு போட்டுவிடும், அந்தக் கோடு லேசில் போகாது. அலசுவதற்கு இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர். அதை அடிக்கடி மாற்ற வேண்டும். சோடா மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் பெயிண்ட் பிடிக்காது. ஸ்விட்ச் போர்டு பக்கம் போகும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாக உடலுக்குள் போகும். சோடா கையை அரிக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு துணியைக் கொடுத்து “சுவரைத் துடைச்சிடும்மா” என்று சொல்பவர்கள் கையுறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, கறை போகவில்லையே என்று கையில் கிடைப்பதையெல்லாம் கலப்பது. பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய அறையில் அது மூச்சை அடைத்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. பழைய வீடென்றால் கதவு, ஜன்னல் எனாமலைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுத் தூசியில் ஈயம் இருக்கலாம்.

கழுவிக் காய்ந்த பிறகும் நிழல் போல மஞ்சள் நிற்பதுண்டு. அதன் மேல் வாட்டர் பிரைமர் அடித்தால், அதிலுள்ள தண்ணீரே மிச்சக் கறையை இளக்கி மேலே கொண்டுவரும். இரண்டு கோட் அடித்தும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது என்று பெயிண்டர்கள் சலித்துக்கொள்வது இதனால்தான். ஷெல்லாக் அல்லது ஆயில் அடிப்படையிலான, கறை தடுக்கும் பிரைமர் வேண்டும். முதலில் ஒரு சதுர அடியில் அடித்து, மேலே எமல்ஷன் போட்டு, ஓரிரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிரைமர் தீப்பற்றக்கூடியது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ பீடியோ கூடாது.

இனி பணம். பொது இடத்தில் புகைபிடிப்பதற்கு 2003 சட்டப்படி தடை உண்டு. சொந்தக் குடித்தனத்துக்குள் அந்தத் தடை வராது. ஆகவே தகராறு வாடகைச் சட்டத்துக்குள்தான் அடங்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், இயல்பான தேய்மானம் போக, வீட்டை வந்தபோது இருந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரரின் பொறுப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாதம் கேட்கும் சென்னையில் இது பலருக்கும் தெரியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வெயிலில் மங்கிய பெயிண்ட் தேய்மானம். அறை முழுக்கத் தார் ஏறிய சுவரைத் தேய்மானம் என்று வாதிடுவது கடினம். புகைத்தவர் கழுவும் செலவையும் கறை தடுக்கும் பிரைமர் செலவையும் ஏற்பது நியாயம். எப்படியும் அடிக்க வேண்டியிருந்த பழைய பெயிண்டின் முழுச் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. “வழக்கமா ஒரு மாசம் பிடிப்போம்” என்றால் அந்த வழக்கம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொட்டேஷனும் பில்லும் கேளுங்கள்.

இதெல்லாம் நிற்பது ஆதாரத்தின் மேல். குடிபுகும் அன்றே எல்லாச் சுவரையும் சீலிங்கையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகும். புது பெயிண்ட் வாடைக்கு அடியில் சிகரெட் நெடி வந்தால், பால் காய்ச்சும் முன்பே, கழுவிவிட்டு அடித்தீர்களா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தைத் தகராறின்போது ஆதாரமாகக் காட்ட முடியாது. அட்வான்ஸ் வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு சட்டம் காட்டும் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்று போகலாம். பெயிண்டிங் கான்ட்ராக்டர் பணம் வாங்கிக்கொண்டு மஞ்சள் திரும்ப வரும்படி அடித்திருந்தால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு பில் தேவை, ஆகவே பெயிண்டரிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது “கழுவி, கறை தடுக்கும் பிரைமர் அடித்து, இரண்டு கோட்” என்று எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.