தீவகத்திற் கன்று வாணிகம்

யாழ்ப்பாணத்து வழக்கிற் ‘தவறணை’ என்னும் சொல் கள் விற்குமிடத்தையும் கன்று வளர்க்குமிடத்தையும் ஒருங்கே சுட்டும். முன்னதற்கு வாடிக்கையாளரைத் தேடவேண்டியதில்லை. பின்னதற்கு ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களிற் சந்தையுண்டோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தீவகத்தின் தலையாய மரமாகிய பனை தவறணைக்கு அடங்குவதன்று. வித்தின் முளை நிலத்துள் ஆழச் சென்றே கிழங்காகின்றமையால் அதனைப் பெயர்த்து நடுதல் அரிது. அன்றியும், ஆணோ பெண்ணோ என்பது பாளை விடுங்காறும் புலப்படாது. அதற்குப் 12 ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். விற்போனே அறியாத பொருளுக்கு வாங்குவோன் எங்ஙனம் விலை பேசுவான்? வேலிக்குரிய கிளுவையும் பூவரசும் கதியாலை ஊன்றிய அளவிலே தளிர்ப்பன. அயல்வீட்டிற் கேட்டுப் பெறக்கூடியதை எவரும் காசு கொடுத்து வாங்கார். புகையிலை நாற்றையோ உழவர் தாமே மேடையிட்டு வளர்த்துக்கொள்வர்.

எஞ்சுவன தென்னையும் ஒட்டுமாவும் பூஞ்செடிகளுமே. இவற்றுள் தென்னைக்கே இன்று தேவை மிகுதி. 2025இல் அரசு ‘வடக்குத் தெங்கு முக்கோணம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏக்கருக்கு 64 கன்று நடுவது வழக்கமாதலின், சிறு தோட்டத்துக்கும் பல கன்றுகள் வேண்டப்படும். ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க 6 அல்லது 7 ஆண்டுகள் ஆகும். தாய்மரம் நன்றன்றெனின் அக்குறை அப்போதுதான் வெளிப்படும். ஆதலின் இத்தொழிலின் மெய்யான முதல் பணமன்று, நம்பிக்கையே. தென்னை பயிர்ச்செய்கைச் சபையின் கன்றை மக்கள் நாடுவதும் இதுபற்றியே.

பெருந்தடை நீராகும். தீவகத்தில் ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. மிகுதியாக இறைப்பின் கிணறு உவர்க்கும். கன்று நடுங்காலம் ஐப்பசி மழையோடு வருவது. அதற்கு ஆயத்தமாகத் தவறணைக்காரன் ஆடி, ஆவணி வறட்சியிலே நாடோறும் நீரூற்றவேண்டும். கிணறு மிக மெலிந்திருக்கும் காலமும் அதுவே. நன்னீர் மிக்க வலிகாமத்தோடு இவ்வகையிற் போட்டியிடுதல் இயலாது.

எனினும் வலிகாமத்திலே நிழலில் வளர்ந்த மென்கன்று, குறிகட்டுவானில் வள்ளமேறிக் கடற்காற்றிலும் உப்புத் துவலையிலும் அடிபட்டு நெடுந்தீவு சேர்கையில் வாடிவிடும். ஆகவே சிறுகன்றுகளை மழைக்குச் சில வாரம் முன்னர்க் கொணர்ந்து, நிழலைப் படிப்படியாகக் குறைத்து, அவ்விடத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கி விற்பதே தீவகத்துக்கு ஏற்ற முறையெனத் தோன்றுகின்றது. நீர்ச்செலவும் இதனாற் சுருங்கும்.

வாங்குவோர் யார் என்பதும் எண்ணத்தக்கது. 1990, 1991 ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப்பின் பல வளவுகள் ஆளின்றிக் கிடந்தன. வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் பணம் அனுப்பிக் கன்று நடுவித்தாலும், கோடையில் நீரூற்றுவார் இல்லையெனின் அது பட்டுப்போகும். மறுமாரியில் மீண்டும் வாங்குவர் என்று தவறணைக்காரன் மகிழலாம். அங்ஙனம் எத்தனை மாரி வாங்குவர்? விற்ற கன்றை முதற் கோடை கடக்கும்வரை கூலிக்குப் பேணிக் கொடுக்கும் ஒழுங்கையும் உடன்சேர்த்தால் மட்டுமே வருமானம் நிலைக்கும். நெடுந்தீவிற் பவளக்கல் மதில்கள் கட்டாக்காலி மாடுகளைத் தடுப்பதால், அப்பணியில் வேலிச்செலவேனும் மிஞ்சும்.