பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில், காளை வாங்க வருபவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். பிறகு சுழி பார்க்கிறார். நாலடி நடத்திப் பார்க்கிறார். அதற்குப் பின்னரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார். மாட்டுக்கு இத்தனை பார்க்கும் அதே விவசாயி, தமது செம்மறிப் பட்டிக்குக் கிடா வைக்கும்போது எதையும் பார்ப்பதில்லை. விற்றது போக மிஞ்சி நிற்பதே பொலிகிடா ஆகிவிடுகிறது.

வேங்கிக்கால் போன்ற ஏரிப் பாசன ஊர்களில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை மறிக்கும் செம்மறிகளில் பெரும்பாலானவை ‘மெட்ராஸ் ரெட்’ என்னும் சென்னைச் சிவப்பு இனத்தைச் சேர்ந்தவை. இது கம்பளிக்கான ஆடு அன்று, இறைச்சிக்கான ஆடு. நன்கு வளர்ந்த கிடா ஏறத்தாழ 35 கிலோவும், பெட்டை ஏறத்தாழ 23 கிலோவும் இருக்கும். ஆகவே இந்த ஆட்டில் வருமானம் என்பது குட்டியின் எடைதான்.

தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பட்டியில் ஓர் ஈற்றில் பத்துக் கிடாக்குட்டிகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு மாதங்களில் வியாபாரி வருகிறார். அவர் கண்ணில் முதலில் படுவது வேகமாக வளர்ந்த குட்டி. நல்ல விலை கிடைப்பதால் அது போய்விடுகிறது. அடுத்த முறை அதற்கடுத்தது போகிறது. கடைசியில் யாரும் கேட்காத நோஞ்சான் குட்டி பட்டியிலேயே தங்கி, வயது வந்ததும் பெட்டைகளோடு சேருகிறது. விரைவில் வளரும் வம்சத்தை ஆண்டுதோறும் விற்றுவிட்டு, மெதுவாக வளரும் வம்சத்தைப் பெருக்குகிறோம். “முன்போல ஆடு வளர்வதில்லை” என்று சொல்பவர்கள் மேய்ச்சல் நிலம் குறைந்ததைக் காரணம் காட்டுவார்கள். அது உண்மையே, ஆனால் இதுவும் ஒரு காரணம்.

ஒரு பெட்டை ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். 25 பெட்டைகளுக்கு விடப்படும் ஒரு கிடாவோ ஆண்டுக்கு இருபது குட்டிகளுக்குக் குறையாமல் தகப்பனாகிறது. எனவே நல்ல பெட்டையால் வரும் நன்மை ஒரு குட்டியோடு நிற்கும். நல்ல கிடாவால் வரும் நன்மை பட்டி முழுவதும் பரவும். தீமையும் அவ்வாறே.

கிடாவைப் பிடித்து நிறுத்தி வாயிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு, எட்டுப் பற்கள். ஒரு வயதுக்கு மேல், ஒன்றரை வயதுக்குள் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். இரண்டு பல் போட்ட கிடாவே பொலிக்கு விடத் தொடங்க ஏற்றது. கீழ்ப்பற்கள் மேல் ஈறோடு சரியாகப் பொருந்த வேண்டும். தாடை முன்னால் நீண்டோ, உள்வாங்கியோ இருந்தால் புல்லைக் கடிக்க முடியாது. அந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கும்.

அடுத்தது கால். பெட்டை மேல் ஏறும்போது கிடாவின் முழுப் பாரமும் பின்னங்கால்களில்தான் விழுகிறது. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு கால்களும் நேராக, இடைவெளி விட்டு நிற்க வேண்டும். முட்டி இரண்டும் உள்பக்கம் ஒட்டி உரசும் கிடாவைத் தள்ளிவிடலாம். முன்னால் நின்று பார்த்தால் மார்பு அகன்றிருக்க வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன என்று சந்தேகிக்கலாம்.

பெரும்பாலோர் பார்க்கக் கூச்சப்படுவது விதைப்பையை. அதுவே மிக முக்கியம். ஒரே அளவுள்ள இரண்டு விதைகளும் பையினுள் நன்கு இறங்கியிருக்க வேண்டும். கையால் பிடித்தால், மடக்கி இறுக்கிய புஜத்தைத் தொடுவதுபோல் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழப்போ கட்டியோ வீக்கமோ இருக்கக்கூடாது. ஒற்றை விதையுள்ள கிடா எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் பொலிக்கு வேண்டாம்; அது வம்சத்தில் தொடரும் குறை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. விந்து உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் கண்டு கடுங்காய்ச்சலில் கிடந்த கிடா, பிழைத்து எழுந்து நன்றாக மேய்ந்தாலும், இரண்டு மாதம் வரை பெட்டைகள் சினை பிடிக்காமல் போகக்கூடும்.

நிறத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஆசை அதிகம். இளஞ்சிவப்பு முதல் கரும்பழுப்பு வரை எல்லாமே இந்த இனத்துக்கு உரிய நிறங்கள். நெற்றியில் சிறிது வெள்ளை இருப்பது குறையன்று. சுழி பார்ப்பவரோடு வாதிட வேண்டியதில்லை. சுழி பார்த்த கை விதைப்பையையும் தொட்டுப் பார்த்தால் போதும்.

இவையெல்லாம் கிடாவின் குறையைக் கண்டுபிடிக்கும் வழிகளே. நிறையைக் கண்டுபிடிக்கக் கண் மட்டும் போதாது. ஒரு மாதம் முந்திப் பிறந்த குட்டி பெரிதாகத்தான் தெரியும். ஒற்றையாகப் பிறந்து தாயின் பாலை முழுவதும் குடித்த குட்டி, இரட்டையில் ஒன்றைவிடக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அது வம்சத்தின் குணமா, தாய்ப்பாலின் குணமா என்று மூன்றாம் மாதத்தில் சொல்ல முடியாது. ஆறாம் மாதத்தில் பால் மறந்து, குட்டி தன் சொந்த மேய்ச்சலில் வளர்ந்திருக்கும். அப்போது எடுக்கும் எடையே நம்பத்தக்கது. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் சென்னைச் சிவப்பு ஆடு மேம்பாட்டுப் பணியிலும் ஆறு மாத எடையைக் கொண்டே கிடாக்கள் தெரிவு செய்யப்படுகின்றன.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு ஸ்பிரிங் தராசு, ஒரு சாக்கு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குட்டி பிறந்த தேதி, தாய் எது, ஒற்றையா இரட்டையா என்று எழுதிக் காதில் அடையாளம் இட வேண்டும். ஆறு மாதம் நிறைந்த நாளில், காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் எடை போட வேண்டும். இதற்காக, நன்றாக வளரும் மூன்று நான்கு கிடாக்குட்டிகளையாவது வியாபாரி கண்ணில் படாமல் ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்க வேண்டும். கையில் வரும் பணத்தைத் தள்ளிப்போடுவது எளிதன்று. குடும்பச் செலவுக்கு ஆடுதானே உண்டியல். அப்படியானால் சுமாரான குட்டிகளில் ஒன்றிரண்டைக் கூடுதலாக விற்றுச் சமாளிக்கலாம்.

தாய் ஆட்டைப் பொறுத்தவரை, இரு காம்பிலும் கட்டியின்றிப் பால் வர வேண்டும்; ஆண்டு தவறாமல் ஈன வேண்டும். இரண்டு முறை சினை தப்பியதைக் கழித்துவிடலாம்.

எவ்வளவு நல்ல கிடாவானாலும் ஒரே பட்டியில் இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்கக்கூடாது. அதற்குள் அதன் பெண்குட்டிகள் பருவத்துக்கு வந்துவிடும். தகப்பனே மகளோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டிகள் நலியும், சாவும் கூடும். பக்கத்து ஊர்ப் பட்டிக்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1795-இல் மறைந்த இராபர்ட் பேக்வெல் என்ற பண்ணையாளர் தம் கிடாக்களைப் பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு விடுவதைப் பெருந்தொழிலாகவே நடத்தினார். அடுத்தவர் பண்ணையில் குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்து, நல்ல குட்டி தந்த கிடாவைத் திரும்பத் தம் மந்தைக்கே பயன்படுத்திக்கொண்டார். நம் ஊர்களிலும் இரண்டு பட்டிக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போனால் இது முடியும்.

மாற்றி வாங்கிய கிடாவை வந்தவுடன் மந்தையில் விட வேண்டாம். மூன்று வாரம் தனியே கட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, இருமலோ கழிச்சலோ வாய்ப்புண்ணோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு பெட்டைகளோடு சேர்க்க வேண்டும்.